இருநூறு ரூபாய்க் கழிவு

ஜூலை 3, செவ்வாய்

விடியவே மழை. யூனிபோர்ம் இரண்டும் காயவில்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை. இரண்டு பஸ், மூன்று செக்கிங். ஒரு இடத்தில் ஆமிக்காரன் பையைக் கவிழ்த்துப் பார்த்தான். பாண், வாழைப்பழம், ஈரச் சொக்ஸ். சொக்ஸை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து உடனே போட்டுவிட்டான். நல்லாய் வேணும்.

நர்சிங் ஹோமில் வழமைதான். கட்டில் விரிப்பு எட்டு, பெட்பான் பதினொன்று. அட்டென்டன் என்றால் மலம் அள்ள ஒரு ஆள், அவ்வளவுதான். ஐந்து வருசமாய் நான்தான் அந்த ஆள்.

வரும்போது காலி வீதியில், புதிதாய்த் திறந்த கொலிஜில் தாள் ஒன்று கேட்டு வாங்கினேன். தாதியர் பட்டம், மூன்று வருசம், வெளிநாட்டு சேர்ட்டிபிக்கேட். வரும் 16ஆம் தேதி பின்னேரம் மூன்று மணிக்குள் கட்டுப்பணம் கட்டவேணும். தாளில் ஒரு பெண் தொப்பி வைத்துச் சிரிக்கிறாள். இவள் ஒருநாளும் பெட்பான் தூக்கியிருக்க மாட்டாள்.

ஜூலை 4, புதன்

கணக்கு.

இப்போது சம்பளம் 8,500. ஓவர்டைம் வந்தால் 1,500.
அறை வாடகை 2,500 (தவமக்கா, வீட்டுக்காரி. மாசம் ஐந்தாம் தேதி ஒரு நிமிசம் பிந்தக்கூடாது).
சீட்டு 2,500 (அதுவும் தவமக்கா).
அம்மாவுக்கு யாழ்ப்பாணம் 1,500.
பஸ், சோப்பு, சாமான் 1,800.
மிச்சம்: சிரிக்கலாம்.

கொலிஜ்: மொத்தம் ஆறு லட்சம். முதலில் கையால் 45,000. மற்றது வங்கிக் கடன், வருசா வருசம் பிரித்துத் தருவார்களாம். படிக்கும் காலத்தில் வட்டி மட்டும், முதல் வருசம் மாசம் 2,400. காலையில் வகுப்பு, பின்னேரம் வேலை. நித்திரைக்குக் கட்டம் போடவில்லை.

படித்து முடித்தால் சம்பளம் 22,000. (தாளில் போட்டிருப்பது இதைவிட எவ்வளவோ கூட. இது எங்கள் நர்சிங் ஹோம் தாதி, சோமா மிஸ்ஸி சொன்ன தொகை. இனி சோ.மி.)
கடன் தவணை 13,400. ஐந்து வருசம்.
கையில் மிச்சம் 8,600.

மூன்று தரம் கூட்டிக் கழித்தேன். அதேதான். மூன்று வருசம் படித்து, ஐந்து வருசம் கட்டி, முப்பத்துநாலு வயது வரைக்கும் எனக்கு லாபம் மாசம் நூறு ரூபாய். பட்டதாரியாம்.

தாளை மடித்து மேசைக் காலுக்கு முட்டுக்கொடுத்தேன். மேசை ஆடவில்லை. ஒரு பிரயோசனம்.

ஜூலை 6, வெள்ளி

எழுத்து கோணல்.

ஒன்றரை மணிக்கு ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்தவர். ஐம்பது வயதிருக்கும். பெரிய உடம்பு, செதில் ஒட்டின கை. மூச்சு இல்லை. டொக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டார். எங்களிடம் மெஷின் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அம்புலன்ஸ் புறப்பட்டாயிற்று, ஆனால் யாரோ பெரியவர் போகிறார் என்று ரோட்டைப் பூட்டிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள்? யாருக்கும் தெரியாது.

டொக்டர் போனோடு சண்டை. சோ.மி. ஒரு கையால் சேலைன், மறுகையால் பிரஷர். மற்ற மிஸ்ஸி லீவு. சோ.மி. திரும்பி என்னைப் பார்த்தா. மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பையை என் கையில் வைத்தா.

"துவ, அமத்து. விடு. அஞ்சு எண்ணு. அமத்து."

துவ என்றால் சிங்களத்தில் மகள். எல்லாப் பெட்டைகளும் அவவுக்குத் துவதான்.

"மிஸ்ஸி, எனக்குத் தெரியாது..."

"இப்ப தெரியும். அமத்து."

அமத்தினேன். அவருடைய நெஞ்சு எழும்பியது. நான் அமத்த, அந்த மலை மாதிரி நெஞ்சு எழும்பியது! விட்டேன், இறங்கியது. கடவுளே! ஒரு மனிசன் என் கையால் மூச்சுவிடுகிறார். நான் தும்மினால் அவருக்கு மூச்சு பிந்தும்.

எண்ணினேன். நூறு. இருநூறு. விரல் விறைத்தது. மூக்கில் கடித்தது, சொறியவில்லை. முந்நூறு அளவில் அவருடைய நகம் நீலம் மாறி மெல்லச் சிவந்தது. சோ.மி. அந்த நகத்தைத் தொட்டுக் காட்டினா. ஐந்நூற்றுச் சொச்சத்தில் எண்ணம் தவறியது. அம்புலன்ஸ் வரும்போது மணி இரண்டு நாற்பது.

அவரை ஏற்றிவிட்டு வந்து சோ.மி. கை கழுவினா, ரோஸ்பாண் ஒன்றை இரண்டாய்ப் பிய்த்துப் பாதி தந்தா. "சாப்பிடு. மூணாம் கட்டில் பெட்பான் கேக்கிறது."

பெட்பான் கொண்டுபோனேன். என் கையையே பார்த்துக்கொண்டு போனேன்.

ஜூலை 7, சனி

விரல் மடக்க ஏலாது. தோசைக்கரண்டி பிடிக்க முடியவில்லை. தவமக்கா: "என்ன பிள்ளை, உரல் இடிச்சனியோ?" சொல்லவில்லை. சொன்னால் லேன் முழுக்கப் போகும்.

மேசைக் காலுக்குக் கீழிருந்து தாளை எடுத்தேன். மேசை ஆடுகிறது. ஆடட்டும்.

சோ.மி.யிடம் கேட்டேன். அவ அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருசம் வேலை செய்து பென்சன் எடுத்தவ. களனியிலிருந்து தினம் வருகிறா. வங்கிக்கு, பென்சன் உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். நேரே கேட்க வெட்கம், சுற்றி வளைத்துச் சொன்னேன். அவ கதிரையில் இருந்து சொக்ஸைக் கீழே இறக்கிக் காலைக் காட்டினா. நரம்பெல்லாம் கயிறு கயிறாய், நீலமாய்.

"இது பாரு. இது சம்பளத்தில எழுதுறது இல்ல. நீ காசு பாக்கப் படிக்கிறதா, வேணாம். கடையில நில்லு. காசு கூட."

"நேற்று மாதிரி..."

"நேத்து மாதிரி எல்லா நாளும் இல்ல துவ. எல்லா நாளும் பெட்பான்தான். படிச்சாலும் பெட்பான்தான்."

பிணை பற்றி ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. சொக்ஸை இழுத்துவிட்டு எழும்பிப் போய்விட்டா. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான்.

ஜூலை 8, ஞாயிறு

அம்மாவிடமிருந்து போன், தவமக்கா வீட்டு லைனுக்கு. இரைச்சல். "நர்சுக்கோ? உனக்கு இருபத்தாறு. படிச்சுக் கடன் கட்டி முடிய எத்தினை வயசு? பிறகு எப்ப கலியாணம்?" முப்பத்துநாலு என்று சொன்னேன். லைன் அறுந்ததா, அம்மா அறுத்தாவா தெரியாது.

கடல் குமுறுகிறது. தலை முழுகினேன். எண்ணெய் முடிந்தது.

ஜூலை 9, திங்கள்

சோ.மி. காலை வந்ததும் வராததுமாய், "வா, பேங்க்." கையில் பென்சன் புத்தகம், பொலித்தீன் பையில் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு பை. மழையில் நனையக்கூடாதாம்.

வங்கியில் அந்த உத்தியோகத்தர் என் அடையாள அட்டையைப் பார்க்கிறார், யாழ்ப்பாண விலாசத்தைப் பார்க்கிறார், சோ.மி.யைப் பார்க்கிறார். சிங்களத்தில் கேட்டார், என்ன சொந்தம் என்று. சோ.மி.யும் சிங்களத்தில்: இவளுடைய கையை வெள்ளிக்கிழமை பார்த்தேன், அதுதான் சொந்தம். அந்த ஆளுக்கு விளங்கவில்லை. கையெழுத்துப் போட இடத்தைக் காட்டினார்.

நான் கட்டாவிட்டால் அந்தப் பென்சனில் வெட்டுவார்கள். அது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டா. பஸ்ஸில் நல்ல நித்திரை.

கடன் சரி. கட்டுப்பணம் 45,000 கையில் இருந்தால் மட்டும்.

ஜூலை 10, செவ்வாய்

45,000க்கு ஒரே வழி சீட்டு. வரும் ஞாயிறு நாலு மணி.

இருபது பேர், ஆளுக்கு 2,500. மொத்தம் 50,000. கழிவுச் சீட்டு. காசு வேண்டியவர்கள் கழிவு கேட்பார்கள், கூடக் கேட்டவருக்குக் காசு. அவர் விட்ட கழிவை இருபது பேரும் பங்குபோட்டுக்கொள்வார்கள். அவசரம் கூடினவருக்கு இழப்புக் கூட. அருமையான ஏற்பாடு, யார் கண்டுபிடித்தானோ.

ஆகவே நான் ஆகக்கூடியது 5,000 மட்டும் போகலாம். 5,001 என்றால் கட்டுப்பணம் குறையும்.

தடை: பரீனா. எங்கள் லேன் முடிவில் தையல்காரி. புருசனுடைய திரீவீலருக்கு இரண்டு தவணை பாக்கி, பினான்ஸ்காரன் தூக்கப்போகிறான். அவள் மறைக்கவில்லை, தண்ணீர்ப் பைப்படியில் எல்லாருக்கும் சொல்கிறாள். பைத்தியமா இவளுக்கு? அவசரம் தெரிந்தால் ஏற்றிவிட மாட்டார்களா?

நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. கணக்கை முழுக்க ஒரு தாளில் எழுதினேன். சம்பளம், கடன், ட்ரெயினிங் களனியில், எல்லாம். கடைசி வரி: "ப. 5,000க்கு மேல் போனால் எனக்குச் சீட்டு இல்லை. 200இல் தொடங்கி, அவசரம் இல்லாத மாதிரி ஏறவேண்டும். எப்படியும் பரீனாவை வெல்லவேண்டும்."

ஜூலை 11, புதன்

யூனிபோர்ம் கரை கழன்றுவிட்டது. பரீனாவிடம் தைக்கக் கொடுத்தேன். பேபி பவுடர் மணக்கும் சின்ன வீடு, மெஷின், வாசலில் அந்தத் திரீவீலர். கழுவித் துடைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஆள் மாதிரி.

"ஞாயித்துக்கெழம நீங்களும் கேக்கியா?" என்றாள் மெஷினை மிதித்துக்கொண்டே.

"சேச்சே, எனக்கென்னத்துக்கு இப்ப?"

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப ஒரு ஆள் கொறவு. உண்மையச் செல்லுறேன் புள்ள, எனக்கு எவ்வளவு கழிவு போனாலும் பரவால்ல. சாமானத் தூக்கிட்டா வீட்டுல அடுப்பு இல்ல."

தலையாட்டினேன். பொய் சொன்ன வாய் அப்படியே கசந்தது. சீட்டில் எல்லாரும் சொல்லும் பொய்தான், புதிதில்லை.

ஜூலை 12, வியாழன்

கணக்குத் தாளைக் காணவில்லை. பை, தலையணை, அலுமாரி, எங்கும் இல்லை. பஸ்ஸில் விழுந்திருக்கும். பரவாயில்லை, பாடம்.

ஜூலை 13, வெள்ளி

பன்னிரண்டு மணிக்கு ஒரு அம்மா வந்தா. வெள்ளைச் சேலை. கையில் ஒரு டசின் கோழிமுட்டை. வாசலில் நின்று, "அன்னிக்கு மூச்சு குடுத்த மிஸ்ஸி யாருங்க?" என்று கேட்டா. மீன்காரருடைய மனைவி.

செவ்வாய்க்கிழமை போய்விட்டாராம். பெரிய ஆஸ்பத்திரியில் நாலு நாள்.

ஐந்நூறு தரம் அமத்தினது எல்லாம் வீணா? முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"ஐயோ, அப்படி இல்லீங்க மிஸ்ஸி. ஞாயித்துக்கிழமை கண்ணு முழிச்சாரு. மகன் கப்பல்ல வேல, வந்து பாத்துட்டான். ரெண்டு வருசமா பேசாம இருந்தாங்க அப்பனும் மகனும். பேசிட்டாங்க. அந்த நாலு நாளு நீங்க குடுத்தது."

"நான் மிஸ்ஸி இல்லை அம்மா. அட்டென்டன்."

"அது எனக்கென்ன தெரியும். முட்டைய எடுத்துக்கங்க."

எடுத்தேன். அறைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு நாள். நாலு நாளை நான் எந்தக் கட்டத்தில் போடுவது? சம்பளம், தவணை, வட்டி, எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டேன், இதற்கு என்னிடம் கட்டம் இல்லை. அம்மாடி, இது எவ்வளவு பெரிய வேலை! அதை நான் வெறுங்கையால், தெரியாமல் செய்திருக்கிறேன். தெரிந்து செய்தால்?

ஞாயிறு எப்படியும் எடுக்க வேண்டும். பரீனாவுக்கு வேறு வழி பிறக்கும். பிறக்காவிட்டால்? எழுதவில்லை.

ஜூலை 15, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காய் எழுத வேண்டும். மறக்கக்கூடாது.

நாலு மணி, தவமக்கா வீட்டு ஹோல். பதினொரு பேர் வந்தார்கள், மற்றவர்கள் போனில் அக்காவிடம் சொல்லிவிட்டார்களாம். பிளேன்டீ, மாரி பிஸ்கட். பரீனா பாயில், சுவரோடு. என்னைப் பார்க்கவில்லை.

தவமக்கா கொப்பியைத் திறந்தா. "சரி, கழிவு கேளுங்கோ."

யாரும் வாய் திறக்கவில்லை. வழக்கம்தான், முதல் கேட்கிறவர் அவசரக்காரர். கொஞ்சம் பொறுத்து, அலட்சியமாய், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சொன்னேன்: "இருநூறு."

"இருநூறு ஒருதரம்."

பரீனாவைப் பார்த்தேன். இப்போது ஆயிரம் என்பாள். பிறகு நான் ஆயிரத்து இருநூறு. எல்லாம் மனதில் ஓடுகிறது.

அவள் பாயில் ஒரு ஈர்க்கை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மின்விசிறி கிறீச் கிறீச். மூலை வீட்டு ரஞ்சி அக்கா, சும்மா லாபத்துக்கே ஏற்றிவிடுகிறவ, வாயைத் திறந்தா. பரீனா அவவுடைய தொடையில் ஒரு தட்டு. வாய் மூடியது. மற்றவர்கள் கூரையைப் பார்க்கிறார்கள், பிளேன்டீயைப் பார்க்கிறார்கள். ஒருவருமே என்னைப் பார்க்கவில்லை.

"இருநூறு ரெண்டுதரம்." தவமக்காவின் குரல் ஒரு மாதிரி.

அப்போதுதான் விளங்கியது. இவர்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். பதினொரு பொம்பிளைகள், லேனில் ஒரு ஊசி விழுந்தாலும் அரை நாள் கதைக்கிறவர்கள், ஒரே நேரத்தில் வாய் மூடிக்கொண்டு இருக்கிறார்கள். வேண்டாம் என்று கத்தவேண்டும் போலவும் இருந்தது, மூச்சுக்கூட விடக்கூடாது போலவும் இருந்தது.

"மூண்டுதரம்." கொப்பியில் என் பெயர். 49,800.

பிஸ்கட் வாய்க்குள் அப்படியே இருந்தது.

எல்லாரும் போன பிறகு பரீனா ஒரு பையைத் தந்தாள். யூனிபோர்ம், கரை தைத்து, ஸ்திரி போட்டு. பொக்கட்டில் என் தாள். அதையும் ஸ்திரி போட்டிருந்தாள்.

எனக்குத் தரை பிளக்கவில்லையே என்றிருந்தது. கடைசி வரி அப்படியே, கறுத்த மையில்: எப்படியும் பரீனாவை வெல்லவேண்டும்.

"வாசிச்சனீங்களோ?"

"கரை தைக்க எடுத்தா வந்திச்சி. வாசிக்காம ஈக்க நானென்ன வானத்துலீந்து வந்த மலக்கா? தவமக்காக்கும் காட்டின. அவதான் மத்தாக்களுக்கு போன் போட்ட." பிறகு தாளில் விரலை வைத்தாள். "கணக்குல ஒரு பிழ ஈக்கி புள்ள. களனிக்கி ட்ரெயினிங் போற பஸ் சல்லி போடல்ல. பென்சில்ல போட்டீக்கேன் பாருங்க."

போட்டிருந்தாள். 600. அதன் கீழே கூட்டித் திரும்பக் கழித்து. கடைசி வரியில் கை வைக்கவில்லை.

"நான் உங்களுக்குப் பொய் சொன்னனான், பரீனாக்கா."

"ஓ. சரியான கோவம் வந்திச்சி. ரெண்டு நாள் ஒங்கட யூனிபோர்மத் தொடல்ல."

"பிறகு?"

தாளை மடித்து என் கையில் வைத்தாள்: "என்ட ரெண்டாவது புள்ளக்கி காய்ச்ச வந்த நேரம் நீங்கதானே ரெண்டு நாள் பக்கத்துல இருந்த. அண்டைக்கி சம்பளம் கேட்டா?"

அது எனக்கு நினைவே இல்லை. போன வருசமோ என்னவோ.

கட்டுப்பணம் போக மிச்சம் 4,800. அங்கேயே எண்ணி நீட்டினேன். வாங்கமாட்டாள் என்று பயந்தேன். வாங்கினாள். எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினாள். "கைமாத்து. அடுத்த மாசச் சீட்டு எனக்கு, அதுல தருவேன். என்ட கையில ஆயிரத்தி நாநூறு ஈக்கி. ஒரு தவண கட்டினா இந்த மாசம் தூக்க மாட்டான்." எழும்பி வாசல் வரை போய்த் திரும்பினாள். "அடுத்த மாசம் நீங்க வாயத் தொறக்கப்படா, சரியா?"

"ஓம்."

தாளை இந்தக் கொப்பிக்குள் ஒட்டிவிட்டேன். பரீனா 600, பென்சில். இப்போது என் லாபம் மாசம் நூறுகூட இல்லை.

ஜூலை 16, திங்கள்

மழை இல்லை. லீவு எடுத்தேன், அரை நாள். முட்டை அவித்து இரண்டு சாப்பிட்டேன். காசு சட்டைக்குள், ஊக்கு குத்தி. தெஹிவளைப் பக்கம் ஏதோ சோதனையாம், பஸ் ஓடவில்லை. நடந்தே போனேன், கிட்டத்தானே. திரீவீலர் லேன் வாசலில் நின்றது, பினான்ஸ்காரனிடம் புறப்பட. பரீனாவின் புருசன் தலையாட்டினார்.

கொலிஜ் கவுன்டரில் ஒரு ஐயா, மூக்குக்கண்ணாடி. 45,000த்தை எண்ணி ரசீது எழுதினார். வகுப்பு அடுத்த திங்கள் காலை எட்டு. கறுப்புச் சப்பாத்து வாங்க வேண்டும். சோ.மி.க்குச் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு படிவம். பெயர், விலாசம், பொலிஸ் பதிவு நம்பர். கடைசியில்: ஏதும் நடந்தால் கொழும்பில் யாருக்கு அறிவிப்பது? பெயர், உறவு.

பேனை நின்றுவிட்டது. அம்மா யாழ்ப்பாணத்தில், சண்டையால் பாதை பூட்டு. கொழும்பில் எனக்கு யார்? ஐந்து வருசமாய் அந்தக் கட்டத்தை எல்லாப் படிவத்திலும் வெறுமையாய் விட்டவள். இன்று எழுதினேன்.

ஐயா வாசித்தார். என் பெயரைப் பார்த்தார், பரீனா என்ற பெயரைப் பார்த்தார்.

"உறவு, அக்காவோ?"

"ஓம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் கேட்டார். "சொந்த அக்காவோ?"

"ஓம்."

மூன்றாந்தரம் கேட்கவில்லை.